சிங்கப்பூர் கிட்டேயா... துபாய் கிட்டேயா?

வேப்பம்பட்டு ஸ்டேஷனில் லோக்கல் ரயிலுக்குக் காத்திருக்கும் நாலு பேரைப் பிடித்து ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். ‘‘சென்னையிலிருந்து சிங்கப்பூர் தூரமா, துபாய் தூரமா?’’

‘‘இது என்ன சார் கேள்வி... துபாய்தான் கிட்டே. விடிகாலை நாலு மணிக்கு ஏறினா ஆறே முக்காலுக்கு அங்கே இறக்கி விட்டுடறான்’’ என்பார் ஒருத்தர்.

‘‘சேச்சே! சிங்கப்பூர்தான் பக்கம். என் மச்சான் காலைல ஏழரைக்கு அங்கே கிளம்பி ஒன்பதேகாலுக்கு மீனம்பாக்கத்துல நின்னான். இங்கேயிருந்து திருத்தணி போய் வர்ற நேரம்கூட ஆகலை’’ என்பார் இன்னொருத்தர்.

இரண்டு பேரும் டிக்கெட்டைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். இரண்டு பேரையும் டிக்கெட் ஏமாற்றியிருக்கிறது!

நிஜம் என்ன தெரியுமா? சென்னை விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூர் சாங்கி ஏறத்தாழ 2,920 கிலோமீட்டர். துபாய் ஏறத்தாழ 2,930. வித்தியாசம், வேப்பம்பட்டிலிருந்து பக்கத்து ஊர் திருநின்றவூருக்கு நடந்து போய்விட்டு மெதுவாகத் திரும்பி வருகிற தூரம்தான். கிழக்கே ஒரு ஊர், மேற்கே ஒரு ஊர். நடுவில் தராசு முள் மாதிரி சென்னை.

இந்தக் கேள்வியை வேப்பம்பட்டில் போய்க் கேட்பானேன் என்று நினைக்கலாம். அம்பத்தூர் எஸ்டேட், ஆவடி, திருவள்ளூர், அந்தப் பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட் என்று சுற்றிலும் பட்டறையும் தொழிற்சாலையுமாக இருக்கிற பிரதேசம் இது. இங்கே வெல்டிங்கும் ஃபிட்டிங்கும் கற்றுக்கொண்ட கைகளுக்குத் தெரிந்த இரண்டு வெளியூர்கள், ஒன்று வளைகுடா, இன்னொன்று சிங்கப்பூர். இன்ஜினீயரிங் காலேஜ் வந்தபிறகு படித்த பிள்ளைகளும் அதே இரண்டு திசையில் பறந்தார்கள். ஒரே வீட்டில் அண்ணன் துபாயிலும் தங்கை சிங்கப்பூரிலும் இருந்தால் யாரும் புருவத்தை உயர்த்துவதில்லை. இப்படிப்பட்ட வீட்டில் ‘எவ்வளவு நேரத்தில் வந்து சேருவான்?’ என்பது பொது அறிவுக் கேள்வி இல்லை. சில ராத்திரிகளில் அந்த வீட்டில் அதைத் தவிர வேறு கேள்வியே இருக்காது.

அதற்குக் கடைசியில் வருவோம். முதலில் டிக்கெட் செய்கிற மோசடியைப் பார்த்துவிடலாம்.

விமான டிக்கெட்டில் ஒரு விதி உண்டு. கிளம்பும் நேரம், கிளம்புகிற ஊரின் கடிகாரப்படி. சேரும் நேரம், சேருகிற ஊரின் கடிகாரப்படி. இரண்டையும் கழித்து ‘இதுதான் பயண நேரம்’ என்று முடிவு கட்டினால் போச்சு! துபாய் கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். சிங்கப்பூர் கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால்.

உதாரணத்துக்கு ஒரு டிக்கெட். சென்னையில் விடிகாலை 4.00, துபாயில் 6.40. பார்த்தால் இரண்டு மணி நாற்பது நிமிஷம். நிஜத்தில் 4 மணி 10 நிமிஷம். திரும்பும்போது துபாயில் ராத்திரி 9.30, சென்னையில் 3.00. ஐந்தரை மணி நேரம் மாதிரி தெரியும். நிஜத்தில் 4 மணிதான். சிங்கப்பூருக்கு நேர்மாறு. இங்கே ராத்திரி 11.30, அங்கே காலை 6.15 என்றால் ஆறே முக்கால் மணி நேரம் மாதிரி பயமுறுத்தும். வரும்போது 7.30-க்குக் கிளம்பி 9.15-க்கு இறங்கினால் ஒன்றே முக்கால் மணி நேரம் மாதிரி குஷிப்படுத்தும். இரண்டுமே நாலேகால் மணி நேரம்!

கணக்குப் பிணக்கு ஆமணக்கு என்பவர்களுக்காக ஒரு சுலபமான குறுக்கு வழி சொல்கிறோம். கத்தரித்து பீரோவில் ஒட்டிக்கொள்ளுங்கள். போகிற டிக்கெட்டில் தெரிகிற நேரத்தையும், திரும்பும் டிக்கெட்டில் தெரிகிற நேரத்தையும் கூட்டி, இரண்டால் வகுங்கள். அவ்வளவுதான். அந்த ஊர் நம்மைவிட முன்னாலா பின்னாலா என்ற தகவல்கூடத் தேவையில்லை. போகும்போது கடிகாரம் திருடியதை, வரும்போது பைசா பாக்கியில்லாமல் திருப்பிக் கொடுத்துவிடும். துபாய்க்குப் போட்டுப் பாருங்கள். 2.40-ம் 5.30-ம் கூட்டினால் 8 மணி 10 நிமிஷம். பாதி, 4 மணி 5 நிமிஷம். சிங்கப்பூருக்கு 6.45-ம் 1.45-ம் எட்டரை. பாதி, நாலேகால். ஊர் எதுவானாலும் சரி... நேர் விமானமாக மட்டும் இருக்க வேண்டும். நடுவில் கொழும்பிலோ தோஹாவிலோ ஆறு மணி நேரம் உட்கார வைத்தால், அந்த உட்காரலும் கணக்கில் சேர்ந்து வரும்.

சரி, ஊருக்கு ஊர் கடிகாரம் ஏன் மாற வேண்டும்? சூரியன் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உதிப்பதில்லை என்பது பள்ளிக்கூடப் பாடம். பூமி ஒரு மணி நேரத்துக்கு 15 டிகிரி சுற்றுகிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் கிழக்கே சுமார் 24 டிகிரி, துபாய் மேற்கே சுமார் 25 டிகிரி. சூரியனை மட்டும் கேட்டால் இரண்டு பக்கமும் ஒன்றரை மணிக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் வித்தியாசம் இருக்க வேண்டும். துபாய் அதை ஏறக்குறைய மதிக்கிறது. சிங்கப்பூர்தான் மதிக்கவில்லை! 1982 ஜனவரி 1 வரை சிங்கப்பூருக்கும் நமக்கும் சரியாக இரண்டு மணி நேரம் வித்தியாசம். மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைக்க, பக்கத்து வீடு தள்ளினால் நாமும் தள்ளியாக வேண்டும் என்று சிங்கப்பூரும் தள்ளியது. அதனால்தான் அங்கே காலை ஏழு மணிக்குத்தான் பொழுது விடிகிறது. புதிதாகப் போன நம் ஆள் ஆறரை மணி இருட்டில் ஷிப்டுக்குக் கிளம்பும்போது ‘இது என்ன ஊர்!’ என்று முழிப்பதற்குக் காரணம், அந்த அரை மணிக்கு முன்பே செய்த பழைய தள்ளல்களும் சேர்ந்ததுதான்.

நாம் மட்டும் என்னவாம்? வேப்பம்பட்டு வழியாகப் போகிற இந்த ரயில் பாதை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் பாதை. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு முதல் ரயில் இந்த வழியாகத்தான் புகை விட்டுக்கொண்டு போனது. அந்தக் காலத்தில் சென்னைக்கென்று தனியாக ‘மெட்ராஸ் டைம்’ இருந்தது. கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிஷம் முன்னால், அதாவது இப்போதைய நேரத்தைவிட 9 நிமிஷம் பின்னால். நுங்கம்பாக்கம் வானியல் ஆய்வுக்கூடத்தில் நட்சத்திரம் பார்த்துக் கணக்கிட்ட நேரம் அது. நாடு பூராவும் ரயில்கள் அதன்படிதான் ஓடின. 1906 ஜனவரி 1 முதல் இந்தியாவுக்குப் பொது நேரம் வந்தது. பம்பாய்க்காரர்கள் முரண்டு பிடித்து 1955 வரை தனிக் கடிகாரம் வைத்திருந்தார்கள் என்பது உபரித் தகவல்.

இப்போது இன்னொரு சந்தேகம் வரும். ஜெட் விமானம் மணிக்கு 850, 900 கிலோமீட்டர் போகிறது. 2,930 கிலோமீட்டருக்கு மூன்றரை மணி நேரம் போதுமே... டிக்கெட்டில் ஏன் நாலு மணி, நாலேகால் மணி? முதல் காரணம், விமானக் கம்பெனி எண்ணுவது ஆகாயத்தில் இருக்கும் நேரத்தை மட்டும் இல்லை. கதவைச் சாத்திப் பின்னால் நகர ஆரம்பித்ததிலிருந்து, அந்த ஊரில் போய் ஓரமாக நிற்கும் வரை எல்லாம் சேர்த்து. ஓடுபாதைக்கு உருள்வது, முன்னால் நிற்கிற நாலு விமானங்கள் கிளம்பும் வரை பொறுப்பது, மேலே ஏறுவது, இறங்க இடம் கிடைக்காமல் வட்டமடிப்பது... அத்தனையும் இதில் அடக்கம். கூடவே பத்து, பதினைந்து நிமிஷம் கைக்காவலாகச் சேர்த்துப் போடுகிற கம்பெனிகளும் உண்டு. அப்போதுதானே ‘இன்னும் சற்று நேரத்தில், குறித்த நேரத்துக்கு முன்பாகவே...’ என்று மைக்கில் பெருமையடிக்க முடியும்!

இரண்டாவது காரணம், காற்று. முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில் அடிக்கிற காற்று, மெரினாவில் வீசுகிற காற்று இல்லை. எதிர்க்காற்று மணிக்கு 60 கிலோமீட்டர் இருந்தால், 850-இல் போகிற விமானம் தரையைப் பொறுத்தவரை 790-இல்தான் நகரும். அதே காற்று முதுகில் தள்ளினால் 910. சென்னை - துபாய் தூரத்துக்கு இந்த இரண்டுக்கும் நடுவே அரை மணி நேரம் வித்தியாசம். குளிர்காலத்தில் வட இந்தியா, வளைகுடாவுக்கு மேலே மேற்கிலிருந்து கிழக்காகப் பலமான காற்று ஓடும். ஊருக்கு வருகிறவர்களுக்கு அது உபகாரி, போகிறவர்களுக்கு முட்டுக்கட்டை. ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே கதை தலைகீழ். மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு காற்று நதி ஓடுகிறது. 1950-களில் இதைக் கண்டுபிடித்து உலகத்துக்குச் சொன்னவர், நம் வானிலைத் துறை விஞ்ஞானி கோடேஸ்வரம். தென்மேற்குப் பருவமழை பற்றிய பாடப் புத்தகங்களில் இன்றைக்கும் அந்தக் காற்றுக்கு ஒரு அத்தியாயம் உண்டு.

தூரமாவது நிச்சயமா என்றால், அதிலும் ஒரு சூட்சுமம். சுவரில் மாட்டிய தேசப்படத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் தப்பாகத்தான் வரும். பூமி உருண்டை, படம் தட்டை. பிள்ளைகளின் உலக உருண்டையை எடுத்து இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு நூலை இறுக்கிப் பிடியுங்கள். அதுதான் உண்மையான குறுக்கு வழி. சிங்கப்பூர், துபாய்க்கெல்லாம் பெரிய வித்தியாசம் தெரியாது. சென்னைக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் பிடித்துப் பாருங்கள், நூல் வட துருவத்தின் பக்கம் போய் நிற்கும்! சுமார் 13,900 கிலோமீட்டர். 2021 ஜனவரியில் கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் நான்கு பெண் விமானிகள் ஏர் இந்தியா விமானத்தை சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு வட துருவம் வழியாக ஓட்டி வந்தது இந்த நூல் வித்தைதான். 9-ஆம் தேதி ராத்திரி அங்கே கிளம்பினார்கள், 11-ஆம் தேதி விடிகாலை இங்கே இறங்கினார்கள். உட்கார்ந்திருந்தது என்னவோ சுமார் 17 மணி நேரம்தான். நடுவே ஒரு தேதி காலண்டரிலிருந்து உதிர்ந்துவிட்டது.

நூல் பிடித்த வழியில் எப்போதும் போக விடுவார்களா என்பது வேறு விஷயம். 2019 பிப்ரவரியில் பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியபோது டெல்லியிலிருந்து மேற்கே போகிற விமானங்கள் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. அந்த வருஷம் புதிதாக ஆரம்பித்த இண்டிகோவின் டெல்லி - இஸ்தான்புல் விமானம் எரிபொருளுக்காக தோஹாவில் இறங்கி ஏற வேண்டிய நிலை. ஜூலையில்தான் வழி திறந்தது. ஊர் நகரவில்லை, தூரம் மட்டும் நீண்டுவிட்டது.

நாலு மணி நேரத்துக்கே ‘கால் மரத்துப் போச்சு’ என்று புலம்புகிறவர்களுக்கு இரண்டு பழைய கதைகள். நம் தாத்தாக்கள் சிங்கப்பூர் போனது ரஜூலா கப்பலில். 1926 முதல் 1973 வரை மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று போய் வந்த கப்பல். ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். டெக் டிக்கெட் என்றால் தட்டைப் போட்டுப் படுத்துக்கொள்ள வேண்டியதுதான். அதற்குப் பிறகு வந்த ‘சிதம்பரம்’ கப்பல் 1985-இல் தீப்பிடித்ததோடு அந்தக் கடல் வழி முடிந்தது. இரண்டாவது கதை இலங்கைப் பக்கம். இரண்டாம் உலக யுத்தத்தின்போது சிங்கப்பூர் ஜப்பான் கையில். ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் தபால் போக வழியில்லை. 1943-இல் குவான்டாஸ் கம்பெனி, பெர்த்திலிருந்து இலங்கையின் காலிக்குப் பக்கத்தில் உள்ள கொக்கல ஏரிக்கு நீரில் இறங்கும் கேட்டலீனா விமானங்களை விட்டது. நடுவில் எங்கும் நிற்காமல் 27 முதல் 33 மணி நேரம்! பெட்ரோல் பாரத்தில் மூன்று பயணிகளுக்குத்தான் இடம். எதிரிக்குத் தெரியாமலிருக்க ரேடியோவில் பேசக் கூடாது, ராத்திரியில் நட்சத்திரம் பார்த்து வழி கண்டுபிடிக்க வேண்டும். ஒரே பயணத்தில் இரண்டு சூரியோதயம் பார்ப்பதால், பயணிகளுக்கு ‘இரட்டைச் சூரியோதய ரகசியச் சங்கம்’ என்று சான்றிதழ் வேறு கொடுத்தார்கள்.

மறுபடி வேப்பம்பட்டுக்கு வருவோம். டிக்கெட்டில் இருக்கிற நாலு மணி நேரம் மீனம்பாக்கத்தில் ஆரம்பித்து அங்கேயே முடிகிறது. வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போட்டால்தான் தெரியும் சேதி. சர்வதேச விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் வரச் சொல்கிறார்கள். பெரும்பாலான கம்பெனிகள் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கவுன்ட்டரை மூடிவிடும். அப்புறம் தலைகீழாக நின்றாலும் திறக்காது. பகலென்றால் லோக்கலில் சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோ என்று சுகமாகப் போகலாம். ஆனால் வளைகுடா விமானங்களில் பாதிக்கு மேல் கிளம்புவது பேய் உலாவுகிற நேரத்தில். அப்போது மெட்ரோ கிடையாது. நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலையைப் பிடித்துக் காரில் போக வேண்டும். காலியான சாலையில் ஒன்றரை மணி நேரம், ஆபீஸ் நேரத்தில் இரண்டு. வழியில் லாரி கவிழ்ந்திருந்தாலோ, மழை பிடித்துக்கொண்டாலோ அது தனிக் கணக்கு. ஆக, வாசற்படியிலிருந்து துபாய் மண்ணை மிதிக்க ஒன்பது மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் வயிற்றில் புளி கரைக்காது.

தேதி விஷயத்தில் இன்னும் உஷார்! ‘14-ஆம் தேதி 00.45’ என்று டிக்கெட்டில் இருந்தால், 13-ஆம் தேதி ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் கிளம்ப வேண்டும். நம்மவர்களுக்கு ‘நாள்’ என்பது விடிந்த பிறகு ஆரம்பிக்கிற சமாசாரம். 14-ஆம் தேதி பகல் பூரா முறுக்கு சுட்டு, அட்டைப் பெட்டிக்குக் கயிறு கட்டி, ராத்திரி பத்து மணிக்கு ஏர்போர்ட்டில் போய் நின்றால்... விமானம் போய் இருபத்தோரு மணி நேரம் ஆகியிருக்கும். விசா முடிகிற கடைசி நாளாக இருந்தால் அந்த ஒரு ராத்திரியில் வேலையே போகும்.

முதலில் சொன்ன அந்த ராத்திரிக்கு வருவோம். சாயங்காலம் ஆறு மணி. வீட்டில் பெரியவர் தவறிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மகன் துபாயில், மகள் சிங்கப்பூரில். வாசலில் பந்தல் போடுகிறார்கள். ஃப்ரீசர் பாக்ஸ் வந்து இறங்குகிறது. பங்காளிகளில் மூத்தவர் கேட்கிறார், ‘‘எத்தனை மணிக்குப்பா எடுக்கறது?’’ மேளம், வண்டி, மயானத்தில் ஏற்பாடு, வெளியூர் உறவுக்குத் தகவல்... எல்லாம் அந்த ஒரு பதிலில் தொங்குகிறது.

துபாயில் அப்போது மணி நாலரை. முதலாளியிடம் லீவு கேட்க வேண்டும். பாஸ்போர்ட்டைத் தொழிலாளி கையிலேயே வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் இருந்தாலும், அதை ஆபீஸ் அலமாரியில் பூட்டி வைக்கிற முதலாளிகள் உண்டு. சவூதியாக இருந்தால் வெளியே போய்த் திரும்பி வர ‘எக்ஸிட் ரீ-என்ட்ரி’ விசாவும் வாங்கியாக வேண்டும். அடித்துப் பிடித்து ராத்திரி ஒன்பதரை விமானத்தில் மகனுக்கு இடம் கிடைக்கிறது. இந்தியக் கணக்கில் பதினொரு மணி. நாலு மணி நேரத்தில், விடிகாலை மூன்றுக்கு இறங்கிவிடுவான். இமிக்ரேஷன், பெட்டி எல்லாம் ஒரு மணி நேரம், சாலையில் ஒன்றரை மணி. ஐந்தரைக்கு வாசலில் கார் சத்தம்.

மகளுக்கு அன்று ராத்திரி இடமில்லை, காலை ஏழரைக்குத்தான் கிடைக்கிறது. அதே தூரம்தான். ‘‘ஏழரைக்குக் கிளம்பி ஒன்பதேகாலுக்கு வந்துடுவேன் சித்தப்பா’’ என்று அழுதுகொண்டே போனில் சொல்கிறாள். சித்தப்பா என்ன செய்வார்? ஏழரைக்கு இங்கே கடிகாரத்தைப் பார்த்து, ‘கிளம்பிட்டா’ என்று எல்லோருக்கும் சொல்வார். அவள் கிளம்பி அப்போது இரண்டரை மணி நேரம் ஆகியிருக்கும். விமானம் வங்காள விரிகுடாவுக்கு மேலே பாதி வழிக்கு மேல் வந்திருக்கும். போன் எடுக்கவில்லையே என்று வேறு பதறுவார்கள். அதனால், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கிளம்பும் நேரத்தைச் சொல்லவே வேண்டாம். ‘இந்திய நேரம் இத்தனை மணிக்கு மீனம்பாக்கம்’ என்பதையும் விமான நம்பரையும் மட்டும் சொல்லுங்கள். வீட்டில் இருக்கிறவர்கள் அதோடு பகலாக இருந்தால் மூன்று மணி நேரம், பின்னிரவாக இருந்தால் இரண்டரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

மகள் 9.15-க்கு இறங்கினால், வேப்பம்பட்டு வாசலுக்கு வர பன்னிரண்டேகால் ஆகும். அப்பா முகத்தைப் பார்க்க ஒரு முக்கால் மணி நேரமாவது விட வேண்டாமா? மேளக்காரரிடம் ஒரு மணி என்று சொல்லி வையுங்கள்.